மாடியிலிருந்து விழும் பூனை: உங்களுக்குத் தெரியுமா?

பூனையை எப்படித் தூக்கிப் போட்டாலும் நாலு காலில்தான் விழும் என்பது நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லி வந்த பேச்சு. லயத்துக் கூரையிலிருந்தும் கொய்யா மரத்திலிருந்தும் குதித்த பூனைகளைப் பார்த்துச் சொன்னது அது. அந்த உயரத்துக்கு அது பெரும்பாலும் சரிதான். இன்று நம் சிலாங்கூரின் அசாம் ஜாவாவில் பிறக்கும் குட்டி அந்த உயரத்தில் வளர்வதில்லை. மகளோ மருமகனோ சனி ஞாயிறுக்கு ஊருக்கு வந்து, திரும்பும்போது அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துப் போகிறார்கள். லாத்தார் நெடுஞ்சாலை ஏறினால் கொஞ்ச நேரத்தில் சுங்கை பூலோ. அங்கே பன்னிரண்டாவது மாடியில் வீடு. தரையில் வாழப் பழகிய பிராணி ஒரே மாலையில் வானத்தில் குடியேறிவிடுகிறது. இந்த மாதப் பகுதி முழுக்க அதைப் பற்றித்தான்.

நோய்க்கு வைத்த பெயர்

மாடியிலிருந்து விழுந்த பூனைகளுக்கு வரும் காயங்களைக் கால்நடை மருத்துவர்கள் ‘ஹை-ரைஸ் சின்ட்ரோம்’ என்கிறார்கள். நியூயார்க்கின் அனிமல் மெடிக்கல் சென்டர் என்ற மருத்துவமனையில் பணியாற்றிய கோர்டன் ராபின்சன் 1976-இல் இதைப் பற்றி எழுதியதிலிருந்துதான் பெயர் பரவியது. ஒரே மாதிரிக் காயங்களோடு பூனைகள் வந்துகொண்டே இருந்தன: மார்பில் அடி, முகத்தில் அடி, கால் முறிவு. இவை அடிக்கடி சேர்ந்து வரும் என்பதால்தான் தனிப்பெயர் தேவைப்பட்டது.

ஐந்து மாதம், 132 பூனைகள்

அதே மருத்துவமனைக்கு 1984-இல் ஐந்தே மாதத்தில் 132 பூனைகள் வந்தன. இரண்டாவது மாடியிலிருந்து முப்பத்திரண்டாவது மாடி வரை, எல்லா உயரத்திலிருந்தும் விழுந்தவை. சராசரி ஐந்தரை மாடி. வேய்ன் விட்னி, ஷெரில் மெல்ஹாஃப் என்ற இரு மருத்துவர்கள் அவற்றின் பதிவுகளை ஆராய்ந்து 1987-இல் வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்றவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன.

இந்த 90 என்ற எண்தான் உலகெங்கும் பரவியது. கூடவே இருந்த இன்னொரு கணக்கை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. வந்தவற்றில் 37 விழுக்காட்டுக்கு உயிர் காக்கும் அவசர சிகிச்சை தேவைப்பட்டது. இன்னும் 30 விழுக்காட்டுக்கு அவசரம் இல்லாவிட்டாலும் சிகிச்சை தேவைப்பட்டது. ஒன்றும் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பக்கூடியவை ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். பிழைத்தது என்றால் தானாகப் பிழைத்தது என்று பொருளில்லை. ஆக்சிஜனும் ஊசியும் ஆளும் இருந்ததால் பிழைத்தது. அந்த மூன்றும் நியூயார்க்கில் இரவு பகலாக இருந்தன.

அவற்றில், முப்பத்திரண்டாவது மாடியிலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்த பூனைக்குப் பல் ஒன்று உடைந்தது, நுரையீரலில் லேசான அடி. இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விட்டது. அது உண்மைதான். அதுவே விதி என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

ஏழாவது மாடிப் புதிர்

நியூயார்க் ஆய்வில் எல்லாரையும் வியக்க வைத்தது இது: ஏழு மாடி வரை உயரம் கூடக் கூடக் காயமும் கூடியது. அதற்கு மேல் போனால் எலும்பு முறிவு குறைந்தது. மருத்துவர்கள் சொன்ன விளக்கம் இப்படி. விழத் தொடங்கியதும் வேகம் ஏறிக்கொண்டே இருப்பதை உள்காது உணர்கிறது. பூனை கால்களை விறைத்து நீட்டுகிறது. ஓர் அளவுக்கு மேல் காற்றின் தடை எடைக்கு ஈடாகிவிட, வேகம் அதற்கு மேல் ஏறாது. அப்போது உடம்பு தளர்கிறது, கால்கள் பக்கவாட்டில் விரிகின்றன, பறக்கும் அணிலைப் போல அகன்ற வயிற்றோடு வந்து விழுகிறது. அடி ஒரே காலில் இறங்காமல் உடம்பெங்கும் பரவுகிறது.

கேட்க அழகான விளக்கம். ஒரு ஓட்டை இருக்கிறது: விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வருவதில்லை. இருபதாவது மாடியிலிருந்து விழுந்து மாண்டவை அந்தக் கணக்கில் சேரவே இல்லை. உயிரோடு வந்தவற்றை மட்டும் எண்ணினால் உயரம் நல்லது போலத்தான் தோன்றும்.

குரோவேஷியாவின் ஸாக்ரெப் நகரத்தில் நான்கு ஆண்டுக் காலத்தில் வந்த 119 பூனைகளைப் பற்றி 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது. அங்கே ஏழாவது மாடியிலிருந்தும் அதற்கு மேலிருந்தும் விழுந்தவற்றுக்குக் காயம் கடுமையாகவே இருந்தது; மார்புக் காயமும் கூடுதல். பிழைத்தவை 96 விழுக்காட்டுக்கு மேல். ஆனால் அங்கே சராசரி உயரமே நாலு மாடிதான்.

உயரமான மாடி பத்திரமானது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

வேகம்

ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டரிலிருந்து விழும் எதுவும் முக்கால் விநாடியில், மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஆறு மீட்டர் என்றால் 39. பதினைந்து மீட்டரில், காற்றின் தடையைக் கழிக்காமல் பார்த்தால், 60-ஐத் தாண்டும். பூனையின் உச்ச வேகம் மணிக்கு சுமார் 97 கிலோமீட்டர். மனிதனுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அசாம் ஜாவா கடை வரிசையின் மேல்மாடி ஜன்னல் இந்தக் கணக்கில் மூன்று மீட்டருக்கும் ஆறு மீட்டருக்கும் நடுவில் வருகிறது. ‘இதென்ன உயரம்’ என்று விடக்கூடியதல்ல. கால் முறிய அது போதும்.

எலி, மனிதன், குதிரை

ஆழமான சுரங்கக் குழிக்குள் சுண்டெலி விழுந்தால் எழுந்து ஓடிவிடும், பெரிய எலி செத்துப்போகும், மனிதன் நொறுங்குவான், குதிரை சிதறும் என்று 1926-இல் எழுதியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். உடம்பு சிறுக்கச் சிறுக்க எடை வேகமாகக் குறையும், தோலின் பரப்பு அந்த அளவுக்குக் குறையாது. அதனால் சின்ன உடம்பைக் காற்று நன்றாகத் தாங்கும். பூனை இந்த வரிசையில் நடுவில் நிற்கிறது: தப்பவும் வாய்ப்புண்டு, நொறுங்கவும் வாய்ப்புண்டு.

கொழுத்த வீட்டுப் பூனைக்கு இந்தக் கணக்கு இன்னும் பாதகம். எடை கூடுகிறது, கால் எலும்பு அதே அளவுதான்.

காற்றில் திரும்பும் வித்தை

முதுகு கீழே இருக்கும்படி விடப்பட்ட பூனை, பிடித்துத் தள்ள ஒன்றும் இல்லாத காற்றில் எப்படித் திரும்புகிறது? இந்தக் கேள்வி பெரிய பெரிய அறிஞர்களைத் தூங்கவிடவில்லை. மின்காந்தவியலின் தந்தை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் பூனைகளைப் போட்டுப் பார்த்தவர். பூனைகளை ஜன்னலிலிருந்து எறிந்தார் என்று அவரைப் பற்றி ஊரில் கதை கிளம்பிவிட்டது. தாம் மேசைமேலும் படுக்கைமேலும் இரண்டு அங்குல உயரத்திலிருந்துதான் போட்டதாக அவரே பிறகு மனைவிக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

விடையைக் கண்ணால் காட்டியவர் பிரெஞ்சுக்காரர் எத்தியேன்-ஜூல் மாரே. 1894-இல் விழும் பூனையை அடுத்தடுத்த படங்களாகப் பிடித்துப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் காட்டினார். கையிலிருந்து உந்திக்கொண்டு திரும்பவில்லை, விடப்பட்ட பிறகுதான் திரும்புகிறது என்று படங்கள் சொல்லின.

நடப்பது இதுதான். பூனை இடுப்பில் மடிகிறது. முன்னங்கால்களை மார்போடு ஒடுக்கிக்கொள்கிறது, பின்னங்கால்களை நீட்டுகிறது. ஒடுங்கிய முன்பாதி சட்டென்று நிறையத் திரும்பும். நீண்ட பின்பாதி எதிர்ப்பக்கம் கொஞ்சமே திரும்பும். அடுத்து முன்னங்கால்களை நீட்டிப் பின்னங்கால்களை ஒடுக்குகிறது. இப்போது பின்பாதி திரும்பி வந்து சேர்ந்துவிடும். மொத்தமும் ஒரு விநாடிக்குள். தோள் எலும்போடு இணையாமல் சதைக்குள் மிதக்கும் சின்னக் காறை எலும்பும், எப்படியும் முறுக்கிக்கொள்ளும் முதுகெலும்பும் இதற்கு உதவி.

1969-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கேனும் அவர் கூட்டாளியும் இதைக் கணிதச் சமன்பாடாக எழுதினார்கள். விண்வெளியில் மிதக்கும் வீரர் எதையும் பிடிக்காமல் உடம்பைத் திருப்பிக்கொள்ள என்ன செய்யலாம் என்று பார்ப்பதற்கும் அந்தக் கணக்கு பயன்பட்டது.

வால் இல்லாவிட்டால்?

நம் பக்கத்துப் பூனைகளின் வாலைப் பாருங்கள். பாதியில் நின்றது, நுனியில் முடிச்சு விழுந்தது, கொக்கி போல வளைந்தது என்று பல விதம். கதவில் நசுங்கியது என்று நினைப்பவர்கள் உண்டு. பிறவியிலேயே அப்படித்தான். மலாய்த் தீவுகள், சயாம், பர்மா முழுவதும் பூனைகளின் வால் இப்படிக் குறுகி முடிச்சோடு இருப்பதைச் சார்லஸ் டார்வின் 1868-லேயே எழுதியிருக்கிறார். ஆசியப் பூனைகளின் குட்டை வாலுக்குக் காரணமான மரபணு மாற்றத்தை அறிவியலாளர்கள் 2016-இல் அடையாளம் கண்டார்கள்.

காற்றில் திரும்புவதற்கு வால் கட்டாயமில்லை. வாலே இல்லாத பூனை இனங்களும் நன்றாகத் திரும்பும். ஆகவே முடிச்சு வால் பூனை விழுந்தால் திரும்ப முடியாது என்ற பயம் வேண்டாம். திரும்பிவிடும் என்ற தைரியமும் வேண்டாம். திரும்புவது வேறு, தாங்குவது வேறு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைக்க வேண்டும் என்றால் இதை வையுங்கள்.

கண்ணும் காதும்

எது மேல், எது கீழ் என்று பூனைக்குச் சொல்வது உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு. கண்ணும் உதவுகிறது. கண் தெரியாத பூனை காதை வைத்துத் திரும்பும். அந்த உறுப்பு பழுதானது கண்ணை வைத்துத் திரும்பும். இரண்டும் இல்லாவிட்டால் கல் மாதிரி விழும். 1916-லேயே இது சோதித்து எழுதப்பட்டுவிட்டது.

பிறந்த குட்டிக்கு இந்தத் திறமை கிடையாது. மூன்று நான்கு வாரத்தில் தொடங்கி ஏழு வார அளவில்தான் முழுமையாகும். லயத்து மேல்தட்டில், கடை மாடிப் பலகையில் ஈன்ற பூனையின் குட்டிகள் தவழ ஆரம்பித்ததும் பெட்டியோடு தரைக்கு இறக்கிவிடுங்கள். தாய்ப்பூனை திரும்ப மேலே தூக்கிப் போகப் பார்க்கும். கீழேயே இருட்டான, ஆள் நடமாட்டமில்லாத மூலை ஒன்றைக் கொடுத்தால் தங்கிவிடும்.

ஏன் விழுகிறது?

பூனைக்கு உயரம் தெரியாமல் இல்லை. கவனம் வேறெங்கோ போய்விடுகிறது. ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து மைனாவைப் பார்க்கிறது. சுவரில் பல்லி ஓடுகிறது. விளக்கைச் சுற்றி ஈசல் பறக்கிறது. வேட்டைக்குத் தாவும் அந்தக் கணத்தில் விளிம்பு மறந்துபோகும். தூக்கத்தில் புரண்டு விழுபவையும் உண்டு.

ஸாக்ரெப் பூனைகளில் பத்துக்கு ஆறு ஒரு வயதுகூட நிரம்பாதவை. வெயில் காலத்தில்தான் விபத்து அதிகம். ஜன்னல் திறந்திருப்பது அப்போதுதானே. நமக்கு ஆண்டு முழுக்க வெயில் காலம், ஆண்டு முழுக்க ஜன்னல் திறந்திருக்கிறது.

இன்னொன்று பிடிமானம். மரப்பட்டையில் நகம் இறங்கும். ரப்பர் மரமும் செம்பனை மட்டையும் பூனைக்கு ஏணி மாதிரி. மாடி வீட்டு விளிம்போ டைல்ஸ், அலுமினியம், பெயின்ட் அடித்த சிமெண்ட். வழுக்கினால் நகம் கீறுமே தவிரப் பிடிக்காது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்ட நாளிலிருந்து எலியும் பூனையும் நம் தோட்டங்களில் செம்பனையோடுதான் வாழ்கின்றன. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கால்களுக்குக் கண்ணாடி விளிம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கருத்தடை செய்யாத கடுவன் துணை தேடி இரவில் விளிம்பு விளிம்பாகச் சுற்றும். அறுவை செய்தவை கொஞ்சம் அடங்கி வீட்டில் இருக்கும்.

ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது

பூனையின் நகம் பின்பக்கம் வளைந்தது. ஏறுவதற்கு அருமையான கொக்கி. தலைகீழாக இறங்கும்போது பயனில்லை. பின்னங்கால் கணுவும் திரும்பாது. அதனால்தான் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு கத்துகிறது. நம் நாட்டுக் காடுகளில் வாழும் ஹரிமாவ் டஹான் என்ற மரச்சிறுத்தையின் கணு அணிலைப் போலத் திரும்பும்; தலை கீழாக மரம் இறங்கும். வீட்டுப் பூனைக்கு அந்த வரம் இல்லை. கூரையிலோ கம்பத்திலோ மாட்டிக்கொண்டால் கல்லெறிந்து குதிக்க வைக்காதீர்கள். பயந்து குதிப்பது சரியாகத் திட்டமிட்டுக் குதிப்பது போல ஆகாது. போம்பா தீயணைப்புப் படையினர் இப்படிப்பட்ட மீட்புக்கும் வருவார்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாலு காலில்தான் விழுகிறது. ஆனால் விழுவது அங்கே முடிவதில்லை. கால்கள் மடங்கியதும் மார்பு தரையில் மோதுகிறது; தலை முன்னால் வெட்டி முகவாய் தரையில் இடிக்கிறது. நியூயார்க் பூனைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மார்பில் ஏதோ ஒரு காயம். பாதிக்கு மேல் முகக் காயம். கால் முறிந்தவை 39 விழுக்காடுதான். நாம் எல்லாரும் முதலில் பார்ப்பது காலை. ஆபத்து இருப்பது மார்பில்.

மார்பில் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, நுரையீரல் கன்றிப்போய் உள்ளே ரத்தம் கசியும். மற்றது, நுரையீரலில் கிழிசல் விழுந்து, காற்று மார்புக் கூட்டுக்குள் வெளியேறி, நுரையீரலை விரியவிடாமல் அமுக்கும். இரண்டாவதற்கு ஊசி போட்டு அந்தக் காற்றை இழுத்து எடுத்தால் பூனை மருத்துவரின் கண்முன்னாலேயே மூச்சு விடத் தொடங்கும். முதலாவது நயவஞ்சகமானது. விழுந்தவுடன் ஒன்றும் இல்லாதது போல இருந்துவிட்டு, அன்று இரவோ மறுநாளோ மோசமாகும். ‘விழுந்துச்சு, எழுந்து நடந்துச்சு, சோறுகூடத் தின்னுச்சு, காலையில பார்த்தா கட்டிலுக்கு அடியில விறைச்சுக் கிடக்கு’ என்று சொல்லக் கேட்கிறோமே, பெரும்பாலும் இதுதான்.

வாயைத் திறந்தால் மேலண்ணம் நடுவில் நீளமாகப் பிளந்திருக்கலாம். முகவாய் இடித்த வேகத்தில் வருவது அது. தின்பது மூக்கு வழியாக வரும், தும்மினால் ரத்தம் தெறிக்கும். சின்னப் பிளவு சில வாரத்தில் தானே மூடிக்கொள்ளும். பெரியதைத் தைக்க வேண்டும். கீழ்த்தாடை முன்னால் நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும். கம்பி கட்டிச் சேர்ப்பார்கள். கோரைப்பல் முறிவது சாதாரணம்.

கால்களில் ஸாக்ரெப்பில் பின்னங்கால் முறிவுதான் அதிகம். முழங்காலுக்குக் கீழ் எலும்பு முதலிடம், தொடை எலும்பு அடுத்தது. வளரும் குட்டிகளுக்குத் தொடை எலும்பு முழங்கால் அருகே, எலும்பு வளரும் மென்மையான பகுதியில் விட்டுப்போகும். அதைத் தாமதிக்காமல் சரி செய்ய வேண்டும். நாள் தள்ளினால் கால் கோணும்.

இவை போக, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிவது, சிறுநீர்ப்பை உடைவது என்று வெளியே தெரியாதவையும் உண்டு. விழுந்த பூனை ஒரு நாள் முழுக்க மூத்திரம் போகவில்லை என்றால் அது சின்ன விஷயமல்ல.

விழுந்துவிட்டால்

முதல் வேலை, மூச்சைப் பாருங்கள். அமைதியாக இருக்கும் பூனை நிமிடத்துக்கு 20 முதல் 30 தடவை மூச்சு விடும். விலா ஏறி இறங்குவதை எண்ணினால் தெரிந்துவிடும். பூனை நாயைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்காது. வாய் திறந்திருந்தால், கழுத்தை நீட்டி முழங்கைகளை அகற்றி வைத்து உட்கார்ந்திருந்தால், மார்பு கெட்டிருக்கிறது என்று பொருள். அடுத்து உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வெளுத்தே இருந்தாலோ நீலம் பாய்ந்திருந்தாலோ உடனே வண்டியை எடுங்கள்.

தூக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தொங்கவிடாதீர்கள். பலகை, தட்டையான கூடை, பெட்டியின் கெட்டியான அடிப்பாகம், எது கிடைத்தாலும் பக்கத்தில் வைத்து உடம்பை வளைக்காமல் நகர்த்துங்கள். மேலே ஒரு துண்டு போர்த்தி இருட்டாக்கினால் பதறாது. வலியில் இருக்கும் பூனை வளர்த்தவரையும் கடிக்கும், அதற்குக் கோபிக்காதீர்கள். சோறும் தண்ணீரும் வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க நேரலாம்.

முறிந்த காலுக்கு வீட்டில் குச்சி வைத்துக் கட்டுவது உதவியை விடக் கெடுதலே அதிகம். கட்டுவதற்காகப் பிடித்து அமுக்கும்போது மார்பு இன்னும் கெடும்.

இதைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும் போல இருக்கிறது: பானடோல் கொடுக்காதீர்கள். நம் வீடுகளில் எதற்கும் முதலில் கைக்கு வருவது அந்த மாத்திரை. அதிலுள்ள பாராசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலில் கிட்டத்தட்ட இல்லை. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகிச் சாகும். மார்பில் அடிபட்ட பூனைக்கு அது இரட்டைக் கொலை. தைலம் தேய்க்கவும் வேண்டாம். கற்பூரமும் தைல எண்ணெய்களும் பூனைக்கு நஞ்சு, நக்கித் தொலைக்கும்.

நடக்கிறது, தின்கிறது என்றாலும் மாடியிலிருந்து விழுந்த பூனையை ஒரு முறை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

கிரில் இருக்கிறதே, போதாதா?

போதாது. மலேசிய வீடுகளில் கிரில் போட்டது திருடனுக்காக. தலை நுழைந்தால் பூனையின் உடம்பும் நுழையும்; காறை எலும்பு மிதப்பதால் தோள் தடுக்காது. உயர்மாடி வீடுகளில் இப்போது எல்லாரும் போடும் ‘இன்விசிபிள் கிரில்’, அதாவது செங்குத்தாக இழுத்துக் கட்டிய மெல்லிய எஃகுக் கம்பி, குழந்தைகளுக்காக வந்தது. கம்பிகளுக்கு நடுவே இரண்டு மூன்று அங்குல இடைவெளி. குட்டிக்கு அது வாசல். அடுக்குக் கண்ணாடி ஜன்னலும் அப்படியே.

வேண்டியது வலைக்கம்பி. நைலான் கொசுவலை பூனைக்கு ஆகாது; நகத்தால் கிழிக்கும், சாய்ந்தால் சட்டத்தோடு பிய்ந்து விழும். ஹார்ட்வேர் கடையில் சுருளாகக் கிடைக்கும் எஃகு வலைக்கம்பி, அல்லது பிளாஸ்டிக் பூசிய கம்பி வலை வாங்குங்கள். கண் ஓர் அங்குலத்துக்குள் இருக்கட்டும். கிரில்லின் உள்பக்கம் வைத்து, ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாக கேபிள் டை போட்டு இறுக்குங்கள். வெயில் படும் இடத்தில் வெள்ளை டை சீக்கிரம் உதிரும். கறுப்பு டை வெயிலைத் தாங்கும். மூலைகளில் இரண்டிரண்டு. முடித்த பிறகு உள்ளங்கையை வைத்து உங்கள் எடையில் கொஞ்சம் கொடுத்துத் தள்ளிப் பாருங்கள். விளிம்பு விரல் அகலத்துக்கு மேல் விலகினால் இன்னும் இரண்டு டை தேவை. கழிவறை ஜன்னலையும், துணி காய வைக்கும் பின்கட்டையும் விட்டுவிடாதீர்கள். பூனை தேடிப் போவது அங்கேதான். தீ விபத்தில் ஆள் வெளியேறும் கிரில் கதவை மட்டும் கட்டி மூடாமல், அதற்குத் தனிச் சட்டத்தில் வலை அடித்துத் திறந்து மூடும்படி வையுங்கள்.

மாடி நிர்வாகக் குழுவினர் கட்டடத்தின் வெளித்தோற்றம் கெடுகிறது என்று ஆட்சேபிப்பார்கள். உள்பக்கம் கட்டிய வலை வெளியே தெரியாது. போடுமுன் ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் வாக்குவாதம் மிச்சம்.

சிங்கப்பூர் செய்தது

அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கச் சிங்கப்பூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தடை இருந்தது. சட்டத்துக்குத் தெரியாமல் வளர்த்தவர்கள் ஏராளம். 2024 செப்டம்பர் 1 முதல் தடை நீங்கி, உரிமம் எடுத்து வீட்டுக்கு இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்று வந்தது. பூனைக்கு மைக்ரோசிப் கட்டாயம். வெளியே ஓடவோ விழவோ முடியாதபடி வீட்டைப் பாதுகாப்பது வளர்ப்பவரின் பொறுப்பாக்கப்பட்டது. ஜன்னல் வலை அதற்குச் சொன்ன வழிகளில் ஒன்று. தடையை நீக்கிய அதே கையோடு வலையைப் பற்றியும் பேசினார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊராட்சி மன்றங்களும் நகராண்மைக் கழகங்களும் பார்த்துக்கொள்ள வேண்டிய பாடம்.

எறிபவர்களுக்கு

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மணிக்கூண்டிலிருந்து உயிருள்ள பூனைகளைக் கீழே எறியும் திருவிழா வழக்கம் இருந்தது. கடைசியாக எறிந்தது 1817-இல். இப்போது துணிப் பொம்மைப் பூனைகளை எறிகிறார்கள்.

இங்கே 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 முதல் அமலில் இருக்கிறது. விலங்கை வதைத்தால் 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். காகிதத்தில் மட்டும் உள்ள சட்டமல்ல. நம் சிலாங்கூரிலேயே, கோம்பாக்கில், 2018-இல் சூல் கொண்ட பூனையைச் சலவைக் கடை உலர்த்தியில் போட்டுக் கொன்ற வழக்கில் 34 மாதச் சிறை விதிக்கப்பட்டது. மாடியிலிருந்து பூனையை வேண்டுமென்றே யாராவது எறிவதைப் பார்த்தால் கால்நடைச் சேவைத் துறையிடம் புகார் செய்யலாம்.

எங்கே கொண்டுபோவது?

சிலாங்கூரில் பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அசாம் ஜாவாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். மூச்சுத் திணறும் பூனைக்கு அந்தத் தூரம் நீளம். அதனால் கோலா சிலாங்கூரிலோ கிள்ளானிலோ சுங்கை பூலோவிலோ உங்களுக்குப் பக்கத்தில் உள்ள கிளினிக்குக்கு இப்போதே, பூனை நன்றாக இருக்கும்போதே, ஒரு போன் போட்டு மூன்று கேள்வி கேட்டு வையுங்கள்: ஆக்சிஜன் இருக்கிறதா? எக்ஸ்ரே எடுப்பார்களா? இரவில் எத்தனை மணி வரை மருத்துவர் இருப்பார்? பதிலையும் எண்ணையும் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். நகரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பூனைக்குட்டி கொடுத்து அனுப்பினால் அவர்களிடமும் அதே மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் வலைக்கம்பிச் சுருள் ஒன்றையும் வைத்து அனுப்புங்கள்.